நாயகி குடிசைப் பாடு

அம்மா, இதை ரயிலிலிருந்து பேசி அனுப்புகிறேன். பொன்னேரியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். சென்னைக்குப் போகிறேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. தம்பி ஹரிஷ் இதை உனக்குப் படித்துக் காட்டட்டும். சித்தப்பா பக்கத்தில் இருந்தால் அவர் போன பிறகு படிக்கட்டும். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் போன் வேறு எதையோ எழுதுகிறது. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பித்த மாதிரி சொன்னால் ஒழுங்காக எழுதுகிறது. அதனால் செய்தி வாசிப்பது போல இருக்கும், நான் கோபமாக இருப்பதாக நினைக்காதே. மற்றவர்கள் பேசியதை மட்டும் கையால் அடித்துச் சேர்க்கிறேன்.

நீ கேட்டது ஒரே கேள்வி. வேலை நிரந்தரமாகுமா, ஆகாதா? ஆகாவிட்டால் அரூருக்குத் திரும்பி வந்து சித்தப்பாவின் செல்போன் கடையில் உட்கார வேண்டும் என்பது பேச்சு. இன்றைக்கு மத்தியானத்துக்குள் பதில் தெரிந்துவிடும். எனக்கு இப்போதே தெரியும் என்று தோன்றுகிறது. ஆனால் நடந்ததைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால் நீ திட்டுவாய். சொன்னாலும் திட்டுவாய். காரணம் தெரிந்து திட்டினால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

நான் மியூசியத்தில் சூப்பர்வைசர் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறாய். அது சரிதான். பழவேற்காட்டு ஏரிக்கரையில், குப்பத்தை ஒட்டி, மூடிப்போன ஒரு ஐஸ் பேக்டரி இருக்கிறது. அதற்குள்தான் எங்கள் மியூசியம். அதற்குள் இருப்பது ஒரு சினிமா செட். 'கழிமுகத்துக் கன்னி' என்று அந்தக் காலத்தில் ஒரு கருப்பு வெள்ளைப் படம் வந்ததாம். பழவேற்காட்டு மீனவப் பெண்ணின் கதை. ஆனால் படம் எடுத்தவர்கள் பழவேற்காட்டுக்கு வரவே இல்லை. சென்னையில் ஒரு ஸ்டூடியோவுக்குள் தொட்டி கட்டி, தண்ணீர் நிரப்பி, அதை ஏரி என்று சொல்லி எடுத்திருக்கிறார்கள். இப்போது அந்த ஸ்டூடியோ செட்டைப் புகைப்படங்களைப் பார்த்து அப்படியே பழவேற்காட்டில் கட்டியிருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் உண்மையான ஏரி தெரிகிறது. அதனால் ஜன்னலை அடைத்துவிட்டார்கள்.

படம் கருப்பு வெள்ளை என்பதால் உள்ளே எல்லாமே சாம்பல் நிறம். மணல், கூரை, படகு, பானை, பானைக்குள் இருக்கும் ரப்பர் மீன், சாமி படத்தில் இருக்கும் சாமந்திப்பூ, எல்லாம். டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் அந்தப் படத்துக்குள்ளேயே நடந்து போகிற மாதிரி இருக்க வேண்டும் என்று பானுப்ரியா மேடம் சொல்வார். அவர்தான் சென்னை அலுவலகத்தில் எனக்கு மேலே. இந்த மொத்தக் காட்சியும் அவருடைய யோசனை.

செட்டுக்குள் ஐந்து இடங்கள். நாயகியின் குடிசை, நாயகனின் படகு, வில்லனின் மீன் மண்டி, கிணற்றடி, விளக்குக் கம்பம். ஒவ்வொரு இடத்திலும் குப்பத்தைச் சேர்ந்த ஒருவர் முகத்திலும் கையிலும் சாம்பல் பூசிக்கொண்டு, சாம்பல் துணி உடுத்தி உட்கார்ந்திருக்க வேண்டும். மேடம் போட்ட சட்டம் ஒன்று உண்டு. சாம்பல் பூசியவர்கள் படத்தின் வசனத்தைத் தவிர வேறு எதுவும் பேசக்கூடாது. அவர்களிடம் பேசுகிறவர்களும் படத்துக்குள் இருப்பது போலத்தான் பேச வேண்டும். வாசலில் இதைப் பலகையாகவே வைத்திருக்கிறோம்.

ஒத்திகை தொடங்கின முதல் வாரத்திலேயே சண்டை வந்தது. சம்பளம் எல்லாருக்கும் ஒன்றுதான். இடம் ஒன்றில்லை. படகுக்கு மேலே பெரிய விளக்குகள், அங்கே உட்கார்ந்தால் வெந்துவிடும். கிணற்றடியில் நாள் முழுக்கக் கால் நனைந்திருக்கும். மண்டியில் உட்கார்ந்த பெலிக்ஸ் அண்ணன் இரண்டாம் நாளே என்னிடம் வந்து நின்றார்.

"நான் இன்னாம்மா பாவம் பண்ணேன்? கம்முனு குந்தினு இருக்கேன். ஒத்திகை பாக்க பொன்னேரில இருந்து வந்த ஒரு பொண்ணு, என் மூஞ்சிக்கு நேரா, 'நீ உருப்படவே மாட்ட'ன்னு சொல்லிட்டுப் போவுது."

"அது வில்லனைச் சொன்னதுண்ணே."

"வில்லன் எங்க கீறான்? நான்தான அங்க கீறேன்?"

நாயகி குடிசைக்கு மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. படத்தில் நாயகி காத்திருக்கும்போது அவள் முடி பறந்துகொண்டே இருக்குமாம். அதற்காகக் குடிசைக்குப் பின்னால் ஒரு பெரிய காற்றாடி மறைத்து வைத்திருக்கிறோம். தகரக் கூரைக்குக் கீழே அந்த ஓர் இடத்தில்தான் காற்று. எல்லாருக்கும் அந்தக் குடிசைதான் வேண்டும்.

இதை ஊரில் நாட்டாரிடம் கொண்டுபோனார்கள். நாட்டார் என்றால் குப்பத்தின் தலைவர். பெயர் வீரராகவன். அவர் உள்ளே வந்து ஒவ்வோர் இடத்திலும் சிறிது நேரம் உட்கார்ந்து பார்த்தார். குடிசையில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கூடுதலாக உட்கார்ந்தார். வெளியே வந்து, "இதுக்குப் பாடு போட்டுடலாம்" என்றார்.

பாடு என்றால் என்ன என்று எனக்கும் முதலில் தெரியாது. ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி கிடைக்காது. முகத்துவாரத்துப் பக்கம் நிறையக் கிடைக்கும், சில இடங்களில் சேறுதான் கிடைக்கும். நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொள்ளக் கூடாது என்று சீட்டுக் குலுக்கிப்போட்டு, இன்றைக்கு இந்த இடம் இந்த வீட்டுக்கு, நாளைக்கு அடுத்த வீட்டுக்கு என்று மாற்றி மாற்றி விடுவார்கள். அந்த முறைதான் பாடு. சீட்டு விழுந்துவிட்டால் நாட்டாரே நினைத்தாலும் மாற்ற முடியாது. எங்கள் செட்டுக்கும் அதையே போட்டார்கள். ஏரிப் பாடும் செட்டுப் பாடும் ஒரே கணக்கு. இங்கே பாதியில் எழுந்து போனால், அந்த வீட்டுக்கு ஏரியில் வரவேண்டிய அடுத்த பாடு போய்விடும்.

"நாட்டாரே, இது மியூசியம்" என்றேன்.

"அதனால இன்னா? தண்ணிக்கு மேல குந்தினாலும் தகரத்துக்குக் கீழ குந்தினாலும் பாடு பாடுதான்."

அதன் பிறகு சண்டையே வரவில்லை. மேடத்திடம் நான் இதைச் சொல்லவில்லை, ஷிஃப்ட் என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை, அம்மா. ஷிஃப்ட்தான்.

திறப்பு விழா நாளுக்கான சீட்டை வலைக் கொட்டகையில் குலுக்கினார்கள். நானும் போயிருந்தேன். நாயகி குடிசை கருப்பன் வீட்டுக்கு விழுந்தது.

கருப்பன் அண்ணனை நீ பார்த்ததில்லை. இப்போது எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். தலையில் முடி இல்லை, அதற்கும் சேர்த்து மீசை இருக்கிறது. ஆள் எழுந்து நின்றால் பின்னால் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. சீட்டு விழுந்ததும் அவர் சிரிக்கவில்லை, துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். அவர் மனைவி காசியம்மாள் அக்காதான் சிரித்தார்.

"என்னக் கட்டிக்கினு வந்த நாள்ல இருந்து எனக்காக ஒரு நாழி வாசல்ல நின்னது கெடையாது இந்த மனுசன். இப்ப நாள் பூரா குடிசைல குந்தினு எவனுக்கோ காத்துக்கினு இருக்கப் போறாராம்."

"காத்து வருதுடி அங்க" என்றார் கருப்பன் அண்ணன்.

அன்று சாயங்காலமே மேடம் போன் செய்தார். நாயகி சாயலில் இருக்கும் ரோஸ்மேரி அக்காவைத்தான் திறப்பு விழாவன்று குடிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். ரோஸ்மேரி அக்கா பெலிக்ஸ் அண்ணனின் மனைவி. எல்லாருக்கும் சாம்பல் பூசிவிடுவதும் அவர்தான்.

"பவித்ரா, பணம் குடுத்த எல்லாருமே அன்னிக்கு வராங்க. ஹட்ல ரோஸ்மேரி இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. எல்லாம் சரியா போச்சுன்னா உன் பர்மனன்ட் ஆர்டர்ல சைன் பண்றேன். இல்லன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும், புரியுதா?"

புரிந்தது என்றேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை, அடுத்த நாள் சேர்த்துச் சாப்பிட்டேன், கவலைப்படாதே.

காலையில் கருப்பன் அண்ணனிடம் போனேன். அவர் படகில் உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, திறப்பு விழா அன்னைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வருமா?"

"எதுக்கு வரணும்?"

"சும்மாதான் கேட்டேன்."

"எனுக்குக் காச்சல் வந்தா படகுலயே படுத்துக்குவேன். பாட்ட வுட்டு எறங்க மாட்டேன்."

உண்மையைச் சொன்னேன். ரோஸ்மேரி அக்கா உட்காராவிட்டால் என் வேலை போய்விடும் என்றேன். அவர் நண்டின் கொடுக்கைக் கட்டி முடித்துவிட்டு என்னை நாட்டாரிடம் கூட்டிக்கொண்டு போனார். நாட்டார் யோசித்தார். பாட்டை மாற்ற முடியாது, ஆனால் ஏரியில் பாட்டுக்காரர், அதாவது பாடு விழுந்தவர், கூடமாட வலை இழுக்க ஒரு கூட்டாளை வைத்துக்கொள்வது உண்டு, அதே மாதிரி இங்கேயும் வைத்துக்கொள்ளலாம் என்றார். கருப்பன் ரோஸ்மேரியைக் கூட்டாளாக வைத்துக்கொண்டால், நாயகியாக அவள் முன்னால் இருக்கலாம், பாட்டுக்காரனாக இவன் பின்னால் இருக்கலாம். எனக்கு உயிர் வந்தது.

"அவ வாணாம்" என்றார் கருப்பன் அண்ணன்.

"ஏண்ணே?"

"அவ வூட்டுக்காரன் பெலிக்ஸு மோட்டாரு போன மாசம் என் வலைய அறுத்துட்டுப் போச்சு. அவன் பொண்டாட்டிய நான் கூட்டாளா வெச்சிக்கினா ஊர்ல இன்னா பேசுவாங்க? வலை அறுத்ததுக்கு பரிசு குடுத்தான்னு பேசுவாங்க."

"அப்போ யாரைத்தான் வெச்சிக்குவீங்க?"

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "நீ வா. சும்மா அந்த வாக்கி டாக்கியப் புடிச்சினு இங்கயும் அங்கயும் ஓடினுதான கீற."

நாட்டார் சரி என்று தலையாட்டினார். கூட்டாளுக்கு என்ன விதி என்று சொன்னார். பாட்டுக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டும். பாடு முடிகிற வரைக்கும் இடத்தை விட்டு இறங்கக்கூடாது. கூட்டாள் இறங்கினாலும் பாட்டுக்காரர் இறங்கின மாதிரிதான். கருப்பன் அண்ணன் வீட்டுக்கு ஏரியில் வரவேண்டிய அடுத்த பாடு மழை விழுந்து முகத்துவாரம் திறக்கிற சமயத்தில் வருகிறது. வருஷத்தில் அதுதான் இறால் ஓடுகிற நேரம். போன தடவை அந்தப் பாடு அவர்களுக்கு வந்தபோது காசியம்மாள் அக்கா பிரசவத்துக்குப் போயிருந்தாராம். அப்போது பிறந்த பெண்ணுக்கு இப்போது கல்யாணப் பேச்சு நடக்கிறது.

சரி என்றேன். மேடத்திடம், ரோஸ்மேரிக்கு முடியவில்லை, நானே நாயகியாக உட்கார்ந்து சமாளிக்கிறேன் என்றேன். மேடம், "டயலாக் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். இரண்டு வரி தெரியும்.

திறப்பு விழா அன்று காலையில் ரோஸ்மேரி அக்கா எனக்குச் சாம்பல் பூசிவிட்டார். தாவணியும் கட்டிவிட்டார். தள்ளி நின்று பார்த்தார்.

"மூக்கு மட்டும் ஹீரோயின் மாரியே கீது" என்றார். "மத்ததுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது."

குடிசை வாசலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால், காற்றாடிக்கு நேராக, கருப்பன் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தலை, மீசை, தோள், வயிறு என்று எல்லாமே சாம்பல். என் இடுப்பில் தாவணிக்கு உள்ளே வாக்கி டாக்கி. கதைப்படி நாயகியின் அப்பா படம் தொடங்குவதற்கு முன்பே கடலில் செத்துப்போயிருப்பார், குடிசையில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. அதனால் படம் தெரிந்த வயதானவர்கள் நின்று குழம்பினார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் குனிந்து, "ஐயா, தாங்கள் யார்?" என்று படத்து மொழியிலேயே மரியாதையாகக் கேட்டார்.

கருப்பன் அண்ணனுக்கு அந்தப் படத்தில் ஒரே ஒரு வசனம்தான் தெரியும். அது வில்லனின் வசனம். குப்பத்தில் எல்லாருக்கும் அது தெரியும், சீட்டாட்டத்தில் ஜெயித்தால் சொல்வார்கள். அதை முழுக் குரலில் சொன்னார்.

"இந்த ஏரி முழுவதும் என்னுடையது!"

வெள்ளைச் சட்டைக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

மத்தியானம் வரை இப்படியே போயிற்று. எனக்குக் கால் மரத்துப்போனது. கருப்பன் அண்ணன் பின்னாலிருந்து அவ்வப்போது மெதுவாக, "கொஞ்சம் அழுவுற மாரி வை மூஞ்சிய" என்றார். "ரொம்ப வாணாம். பயந்துடப் போறாங்க."

அப்போது இடுப்பில் மேடத்தின் குரல் வந்தது. "பவித்ரா. கெஸ்ட் கார் உள்ள வந்துடுச்சு. ஹட்டைக் கொஞ்ச நேரம் விட்டுட்டு உடனே கேட்டுக்கு வா. நீதான் ரிசீவ் பண்ணணும். பவித்ரா?"

நான் எழுந்துவிட்டேன், அம்மா. உண்மையைச் சொல்கிறேன். கால் மரத்துப் போயிருந்தும் எழுந்துவிட்டேன்.

"இன்னாவாம்?" என்றார் கருப்பன் அண்ணன்.

"கேட்டுக்கு வரச் சொல்றாங்க. போகலைன்னா வேலை போயிடும்ணே."

"போனா என் பாடு பூடும்."

அவர் கெஞ்சியிருந்தால் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். திட்டியிருந்தால் நிச்சயம் போயிருப்பேன். அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் மேல் அடித்துக்கொண்டிருந்த காற்று இப்போது என் மேல் அடித்தது. அந்தக் காற்றுக்காகத்தான் அவர் இவ்வளவு நாள் இந்தக் குடிசைக்குக் காத்திருந்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். வாக்கி டாக்கியில் மேடம் என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு நிறுத்திவிட்டார். நிறுத்தினதுதான் அதிகப் பயமாக இருந்தது.

சிறிது நேரத்தில் விருந்தினர்களை அழைத்துக்கொண்டு மேடமே வந்தார். பட்டுப்புடவை கட்டியிருந்தார். சாம்பலுக்கு நடுவில் அதன் சிவப்பு கண்ணைக் கூசச் செய்தது. என்னைப் பார்த்தார். கருப்பன் அண்ணனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். சத்தம் போட வாயைத் திறந்தார். அவருடைய சட்டம் அவருக்கு ஞாபகம் வந்தது என்று நினைக்கிறேன். விருந்தினர்கள் எல்லாரும் வாசலில் அந்தப் பலகையைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

"பெண்ணே" என்றார் மேடம். "உன்னை வாசலுக்கு வரும்படி நான் சொல்லி அனுப்பினேனே."

எனக்குத் தெரிந்தது இரண்டு வரி. முதல் வரியைச் சொன்னேன். "அவர் வருவார்."

"யார் வருவார்? நான் உன்னைத்தான் வரச் சொன்னேன்."

"இந்த ஏரி அவரை வைத்துக்கொள்ளாது."

"பெண்ணே, உனக்கு என் பேச்சைவிட இந்தக் குடிசை பெரிதாகிவிட்டதா?"

என்னிடம் வசனம் தீர்ந்துவிட்டது. முதல் வரியையே மறுபடி சொன்னேன். "அவர் வருவார்." அழுகையும் வந்தது, அது நடிப்பில்லை. மேடத்தின் கழுத்தில் நரம்பு தெரிந்தது. "அவர் வந்தாலும் உன்னைக் காப்பாற்ற முடியாது" என்றார்.

அப்போது பின்னாலிருந்து, "இந்த ஏரி முழுவதும் என்னுடையது!"

விருந்தினர்கள் கை தட்டினார்கள். ஒருவர் மேடத்திடம், மேடம், நீங்களும் நடிப்பீர்கள் என்று தெரியாமல் போயிற்றே என்றார். எல்லாரும் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். ஹரிஷ் பார்த்ததாகச் சொன்ன வீடியோ அதுதான். நீ கேட்டாயே, சாம்பல் நிறத்தில் ஏதாவது காமாலை உண்டா என்று. இல்லை. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது.

பாடு முடிந்தது. கருப்பன் அண்ணன் எழுந்து நின்று சோம்பல் முறித்தார். நான் முகம் கழுவிவிட்டு மேடத்தின் காருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பையை முன்பே எடுத்து வைத்துவிட்டேன், போகச் சொன்னால் அப்படியே போகலாம் என்று. மேடம் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. நான் சொன்ன வார்த்தை வார்த்தைதான், உனக்கு பர்மனன்ட். ஆனா யாரைக் கேட்டாலும் பாடு பாடுங்கறாங்களே, என்ன அது? லாட்டரி மாதிரியாம்?"

விளக்கிச் சொன்னேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"க்யூட்டா இருக்கு. ஆனா இது இனிமே வேணாம். ஹட்ல டெய்லி ரோஸ்மேரி. மத்த எடத்துக்கு சென்னையில இருந்து ஆக்டர்ஸ் அனுப்பறேன். ஊர்க்காரங்ககிட்ட நீதான் பக்குவமா சொல்லணும். அவங்க உன்னை நம்பறாங்க. சொல்லி முடிச்சிட்டு ஆபீஸுக்கு வந்து ஆர்டர் வாங்கிக்கோ."

அம்மா, இதுதான் விஷயம். வேலை நிரந்தரம். ஊரில் போய் இனிமேல் உங்களுக்கு இங்கே இடம் இல்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சொன்னேன். வலைக் கொட்டகையில் எல்லாரும் இருந்தார்கள். மேடம் சொன்னதை ஒன்று விடாமல் அப்படியே சொன்னேன், பக்குவம் வரவில்லை. முதலில் ரோஸ்மேரி அக்காதான் பேசினார்.

"டெய்லி நானா? டெய்லி ஒரே ஆளுக்காக வெளக்கப் புடிச்சினு குந்தினு இருக்கணுமா? அவன் வரவே போறதில்லனு ஊருக்கே தெரியும். எனுக்கு வேற பொழப்பு இல்ல?"

"நாளெல்லாம் காத்து வரும்டி" என்றார் காசியம்மாள் அக்கா.

"காத்த நீயே வெச்சிக்க. எனுக்குக் கெணத்தடி வந்தா கெணத்தடி, மண்டி வந்தா மண்டி. ஊரு அத்தன வூட்டையும் தொரத்திட்டு நான் மட்டும் குந்தினா, நாளைக்கு எந்த வூட்ல தண்ணி கேட்டுக் குடிப்பேன்?"

நாட்டார் எல்லாரையும் பார்த்தார். பாடு நிற்காது, பாடு இல்லையென்றால் குப்பத்திலிருந்து யாரும் உள்ளே வரமாட்டார்கள், ரோஸ்மேரியும் வரமாட்டாள் என்று முடிவானது. இதைச் சென்னைக்குப் போய் யார் சொல்வது என்பது அடுத்த பேச்சு. யாருக்கும் போக விருப்பமில்லை. யாருக்கும் விருப்பமில்லாத வேலை என்றால் அதற்கும் சீட்டுதான். எவர்சில்வர் சொம்பில் போட்டுக் குலுக்கினார்கள். கருப்பன் வீடு.

கருப்பன் அண்ணன் துண்டை உதறிவிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நாட்டாரே, நான் மேடத்தோட ஆளு. நான் எப்படி உங்களுக்காகப் போய்ப் பேசறது?"

"மேடம் சேதிய எங்ககிட்ட வந்து சொன்ன இல்ல?"

"சொன்னேன்."

"எங்க சேதிய அங்க சொல்றதுல இன்னா கஷ்டம்? கூட்டாளுன்னு சேந்தா மழை முடியற வரைக்கும் கூட்டாளுதான். உன்னக் கட்டிப்போட்டு அனுப்பல. முடியலன்னா சொல்லு, கருப்பன் தனியாப் போவான்."

முடியாது என்றுதான் சொல்லப்போனேன். ஆர்டர் மேடத்தின் மேஜையில் இருக்கிறது, போய் வாங்கிக்கொண்டு வந்தால் போதும். ஆனால் கருப்பன் அண்ணன் அந்த ஏசி ரூமில் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். மேடம் இங்கிலீஷில் ஏதாவது கேட்பார். இவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு தனக்குத் தெரிந்த அந்த ஒரே வசனத்தைச் சொல்லுவார். செக்யூரிட்டி வருவார். அது நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. வருகிறேன் என்றேன்.

கிளம்பும்போது நாட்டார் ஒரு சமாதானமும் சொல்லி அனுப்பியிருக்கிறார். மேடத்துக்கு அவ்வளவு ஆசை என்றால் அவர் பெயரையும் சொம்பில் போடலாமாம். முறை வந்தால் அவரும் வந்து உட்காரலாம். கிணற்றடி விழுந்தால் கிணற்றடிதான், அதை முன்பே சொல்லிவிட வேண்டும் என்றார். இதையும் நான்தான் சொல்லப்போகிறேன்.

எண்ணூர் தாண்டிவிட்டது. மேடத்திடம் பேச வேண்டியதை உன்னிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். "மேடம், பாடு நிற்காது. நிறுத்தினால் யாரும் வரமாட்டார்கள். நானும் வரமாட்டேன், நான் கருப்பன் அண்ணனின் கூட்டாள்." கடைசி வரி நாட்டார் சொல்லச் சொன்னதில்லை. நேற்று ராத்திரியிலிருந்து அது கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது, எடுத்துவிட்டுச் சொன்னால் மற்ற வரிகள் எனக்கு வரவில்லை. அதைச் சொன்ன பிறகு அவர் கையெழுத்துப் போடமாட்டார். போடுவார் என்று நீ வேண்டிக்கொண்டாலும் போடமாட்டார்.

அதனால் சித்தப்பாவிடம் நீயே சொல்லிவிடு. கடையில் எனக்காக இடம் வைத்திருக்க வேண்டாம். வேலை போனாலும் நான் இப்போது அரூருக்கு வரவில்லை. மழை பிடித்ததும் முகத்துவாரம் திறக்கும், கருப்பன் அண்ணனுக்குப் பாடு இருக்கிறது, வலை இழுக்க ஆள் வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது என்று சொன்னேன். அந்தப் பக்கம் ஏரி இடுப்பளவுதான் என்றார். யாருடைய இடுப்பு என்று கேட்க வேண்டும்.

நான் இவ்வளவு நேரம் போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இப்போது கேட்கிறார். இதைக் கையால் அடிக்கிறேன்.

"அம்மாவா?"

"ஆமாண்ணே."

"இன்னா சொல்லினு கீற இவ்ளோ நேரமா?"

"வேலை போகப் போகுதுன்னு."

"அத்தச் சொல்றதுக்கு இவ்ளோ நேரமா?" என்றார். பிறகு சட்டைப் பட்டனைக் கழுத்து வரை போட்டுக்கொண்டார். "கொருக்குப்பேட்டை வந்துச்சு. எந்திரி, கூட்டத்துக்கு முன்னாடி எறங்கணும்."

வைக்கிறேன் அம்மா. சாயங்காலம் கூப்பிடுகிறேன்.